பிரேக் குழாயைக் கவ்விக் கட்டி ஊர் வந்து சேர்ந்தது சரியா?

கீழ்நகர்வாசி:
மண்டலேயிலிருந்து ரங்கூனுக்கு விரைவுச் சாலையில் திரும்பிக்கொண்டிருந்தபோது, 115ஆம் மைல் ஓய்விடம் வருவதற்குச் சற்று முன்பு, நாங்கள் அமர்த்தியிருந்த டொயோட்டா புரோபாக்ஸ் வண்டியின் பிரேக் மிதி மெத்தென்று உள்ளே இறங்கத் தொடங்கியது. பின்பக்க இடது சக்கரத்துக்குப் போகும் ரப்பர்க் குழாய் வெடித்து ஒழுகியதைக் கண்ட ஓட்டுநர், அதன்மேல் பழைய டியூப் துண்டைச் சுற்றி, வைஸ் கிரிப் என்னும் பூட்டிக்கொள்ளும் குறடால் இறுகக் கவ்வி, பிடி ஆடாதபடி கம்பியால் கட்டினார். குறைந்துபோன பிரேக் ஆயிலுக்கு ஈடாகச் சோப்புத் தண்ணீரை ஊற்றினார். வண்டி ரங்கூன் வந்து சேர்ந்தது. நான் இதைத் திறமை என்கிறேன். என் மைத்துனரோ, குடும்பத்தின் உயிரோடு விளையாடிவிட்டார் என்கிறார். வண்டி அறிந்தவர்கள் கருத்துச் சொல்லுங்கள்.

பெகு ஓட்டுநர்:
அந்த ஓட்டுநரை நான் மனமாரப் பாராட்டுகிறேன். 2011 செப்டம்பரில், 40 ஆண்டைக் கடந்த வண்டியை ஒப்படைத்தால் வேறொன்றை இறக்குமதி செய்யலாம் என்று அரசு அனுமதித்தது என்றால், அதுவரை அத்தனை பழைய வண்டிகள் இந்நாட்டுச் சாலைகளில் ஓடிக்கொண்டிருந்தன என்றுதானே பொருள்? அவற்றுக்கு உதிரிபாகம் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. கடைசல்காரர் இரும்பைக் கடைந்து கொடுத்ததும், லாரி டியூப்பை வெட்டி வாஷர் செய்ததும், பெட்ரோல் டாங்கில் ஊசித்துளை விழுந்தால் பார் சோப்பைப் பிசைந்து அடைத்ததும்தான் அவற்றை ஓட வைத்தன. சோப்பு பெட்ரோலில் கரையாது என்பதை நம் பெரியவர்கள் எந்தப் புத்தகத்தையும் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. கைவசம் இருப்பதை வைத்துக் காரியம் முடிப்பவனைக் குறை சொல்பவர்கள், நடுச்சாலையில் நின்று பார்த்தவர்களாக இருக்க மாட்டார்கள்.

பட்டறைக்காரன்:
அண்ணா, பெட்ரோல் டாங்கையும் பிரேக்கையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். டாங்க் ஒழுகினால் வண்டி நின்றுபோகும். பிரேக் ஒழுகினால் வண்டி நிற்காமல் போகும்.

பலமாக மிதிக்கும்போது பிரேக் குழாய்க்குள் அழுத்தம் 70 பாரையும் தாண்டும். டயருக்குள் இருப்பதோ 2 பாருக்குச் சற்று அதிகம். அந்த அழுத்தத்தை ஒரு வைஸ் கிரிப்பின் பல் தடுத்து நிறுத்த வேண்டும். பள்ளத்தில் இறங்கும்போது பிடி ஒரு பல் நழுவினாலும் போதும். இதற்கும் மேலாக, அங்கே கவ்வ வேண்டிய தேவையே இருக்கவில்லை என்பதுதான் என் முதன்மையான மறுப்பு. மிதியின் அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இரண்டு தனித்தனி அறைகள் உண்டு. இவ்வகை முன்சக்கர இழுவை வண்டிகளில் ஓர் அறை ஒரு முன்சக்கரத்தையும் அதற்கு எதிர்மூலையில் உள்ள பின்சக்கரத்தையும் நிறுத்துகிறது. இடது பின்சக்கரக் குழாய் வெடித்தாலும், வலது பின்சக்கரமும் இடது முன்சக்கரமும் பிடிக்கத்தான் செய்யும். மிதி ஆழமாக இறங்கும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும், அவ்வளவுதான். எச்சரிக்கை விளக்கைப் போட்டுக்கொண்டு, சாலையோரமாக 20 கிலோமீட்டர் வேகத்தில் உருட்டி ஓய்விடம் வரைக்கும் போயிருக்கலாம். அங்கிருந்து மேலும் 115 மைல், அதுவும் விரைவுச் சாலை வேகத்தில் ஓட்டியதைத்தான் நான் தவறு என்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்நாடு 1970 டிசம்பரில் வலப்பக்க ஓட்டத்துக்கு மாறியும், நம் வாடகை வண்டிகள் பலவற்றில் ஸ்டியரிங் வலப்பக்கத்தில்தான் இருக்கிறது. முன்னால் போகும் லாரியைத் தாண்ட நினைக்கும் ஓட்டுநருக்கு எதிரே வருவது கண்ணில் படுவதற்குள் பாதி வண்டி வெளியே வந்துவிடும். விரைவுச் சாலையை விட்டு இறங்கி ஊர்ச் சாலைக்கு வந்தபின், அந்தக் கணத்தில் அவரைக் காப்பாற்றுவது பிரேக் ஒன்றுதான்.

பெகு ஓட்டுநர்:
தம்பி சொல்லும் இரண்டு அறைக் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் வெடித்த பக்கத்தைக் கவ்வினால், அந்த அறையோடு சேர்ந்த வலது முன்சக்கரமும் மீண்டும் பிடிக்கிறது. நான்கில் இரண்டு சக்கரங்களோடு வருவதைவிட மூன்றோடு வருவது மேலல்லவா? ஓட்டுநர் ஊற்றிய சோப்புத் தண்ணீரும் ஆபத்து என்று சிலர் பயமுறுத்தக்கூடும். மேலே ஊற்றியது பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டர் பக்கமே நிற்கும். சில மணி நேரத்தில் சூடான முன்சக்கரம் வரைக்கும் இறங்கிவிடாது.

பட்டறைக்காரன்:
மூன்று சக்கரம் மேல் என்பது ஓய்விடம் வரைக்கும் சரி; அந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறேன். தண்ணீர் விஷயத்தில் ஒப்புக்கொள்ள முடியாது. பிரேக் ஆயில் தண்ணீரைத் தன்னோடு கலந்துகொள்ளும் தன்மை உடையது. டாட் 3 என்னும் பிரேக் ஆயில் வகைக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸாவது இருக்க வேண்டிய கொதிநிலை, நூற்றுக்கு நான்கு பங்குகூட இல்லாத ஈரம் சேர்ந்தாலே 140 வரை இறங்கலாம். கொதித்தால் நீராவிக் குமிழி உண்டாகும். மிதி அந்தக் குமிழியை அமுக்குமே தவிர சக்கரத்தைப் பிடிக்காது. அன்றைக்குக் கொதிக்கவில்லை என்பதால் அந்தத் தண்ணீர் போய்விட்டதாகப் பொருளில்லை. உள்ளேயே தங்கிச் சிலிண்டரின் சுவரைத் துருப்பிடிக்க வைக்கும். எஞ்சின் ஆயிலை ஊற்றுவது இதைவிடக் கொடுமை, ரப்பர் வாஷர்கள் ஊதிப்போகும்.

எல்லா ஒட்டுவேலைக்கும் நான் எதிரி அல்லன். பிரேக் பிஸ்டனை உள்ளே தள்ளத் தச்சர் பயன்படுத்தும் சி கிளாம்பைத்தான் நானும் எடுக்கிறேன். ஜாக்கி சாய்ந்துவிடும் என்ற பயம் இருந்தால், பழைய ரயில் தண்டவாளத்தின் அடியில் கிடந்த பியின்கடோ என்னும் கடின மரக்கட்டையை அடுக்கி முட்டுக் கொடுக்கலாம். மரம் நசுங்குமுன் முனகும், துளையுள்ள சிமெண்டுக் கல்லோ சத்தமில்லாமல் தூளாகும். வீல் நட்டைக் கழற்ற ஸ்பானரில் தண்ணீர்க் குழாயைச் செருகுவதிலும் தவறில்லை. அதே குழாயை வைத்து முடுக்குவதுதான் தவறு. டொயோட்டா சிறுகார்கள் பலவற்றுக்கு 103 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். அதாவது 30 சென்டிமீட்டர் பிடியில் ஏறத்தாழ 35 கிலோ அழுத்தம். ஒரு மீட்டர்க் குழாயின் நுனியில் அதே அழுத்தத்தைக் கொடுத்தால் மூன்று மடங்குக்கு மேல் போய், போல்ட்டு நீண்டுவிடும்.

மௌல்மேன் மாணவி:
ரேடியேட்டர் ஒழுகினால் முட்டையின் வெள்ளைக்கருவையோ மிளகுத்தூளையோ போடுகிறார்களே, அதுவும் ஆபத்தா?

பட்டறைக்காரன்:
உயிருக்கு ஆபத்தில்லை, தங்கச்சி. சிறிய துளையை அடைக்கும். அதோடு ஹீட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடும் என்பதால் ஊர் வந்ததும் கழுவ வேண்டும். எஞ்சின் ஆறாமல் மூடியை மட்டும் திறக்காதீர்கள், குளிர்ந்த தண்ணீரையும் ஊற்றாதீர்கள்.

கீழ்நகர்வாசி:
ஓட்டுநரிடம் தொலைபேசியில் பேசினேன். குழாயை மாற்றிவிட்டாராம், ஆயிலை மாற்றவில்லை, மேலே கொஞ்சம் நிரப்பியதோடு சரி என்கிறார்.

பட்டறைக்காரன்:
அப்படியானால் அந்த வண்டியில் இன்னும் யாரும் ஏறக் கூடாது. பழையதை முழுவதும் வெளியேற்றி, நான்கு சக்கரத்திலும் காற்றெடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிந்த ஆயில் வரும்வரை விட வேண்டும். மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி உள்சுவரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பெகு ஓட்டுநர்:
இதில் தம்பியின் பக்கமே நானும். சாலையில் கட்டியதை நான் இன்னமும் சரியென்றே சொல்வேன். ஊர் வந்த பிறகும் அப்படியே விட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அவருடைய எண்ணை எனக்குத் தனியாக அனுப்புங்கள், நானே பேசுகிறேன்.