பதில்: காற்றுப் பொழிவா, துகள்மாரியா?

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று இரவு எல்லாருடைய மடல்களையும் முதலிலிருந்து மறுபடி படித்தேன். பலகை அச்சுக்குப் போக இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. அதற்குள், ஆங்கிலத்தில் ‘ஏர் ஷவர்’ (air shower) என்பதற்குத் தமிழில் என்ன என்ற இந்த ஒரு சொல்லை முடிவு செய்தாக வேண்டும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: தென்னாப்பிரிக்காவின் லெனேசியாவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு சுவர்ப் பலகை செய்கிறோம். மீயுயர் ஆற்றல் அண்டக்கதிர்களை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட இயற்பியலாளர் ஆலன் வாட்சனின் ஆய்வு வாழ்க்கைதான் பொருள். ‘மீயுயர் ஆற்றல்’ எல்லாருக்கும் சம்மதம். ‘அண்டக்கதிர்’ பற்றியும் சண்டை இல்லை. அது கதிரே அல்ல, துகள் என்று டர்பன் அக்கா சொன்னது உண்மைதான். 1925 வாக்கில் அமெரிக்க இயற்பியலாளர் மில்லிகன் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது, இனி மாற்ற முடியாது. ஒட்டிக்கொள்வதற்கு முன்பே யோசிக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணமும் அதுதான்.

> முதல் வரைவில் இருக்கிற ‘காற்றுப் பொழிவு’ போதாதா? ஆங்கிலத்திலும் அதே பொருள்தானே?

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஐயா, அதே பொருள் என்பதுதான் எனக்குச் சிக்கல். பொழிவது காற்று அல்ல. மேலிருந்து வரும் ஒற்றைத் துகள், வளிமண்டலத்தின் உச்சியில் ஓர் அணுக்கருவில் மோதுகிறது. அதிலிருந்து சில துகள்கள் பிறக்கின்றன. அவை மேலும் மோதி மேலும் சிலவற்றைப் பிறப்பிக்கின்றன. 10-இன் 20-ஆம் அடுக்கு எலக்ட்ரான்வோல்ட் (துகளின் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றலோடு வந்த ஒன்று, கீழே இறங்குவதற்குள் பல ஆயிரம் கோடித் துகள்களாகப் பெருகிவிடுகிறது. காற்று இதற்குக் களம் மட்டுமே.

வகுப்பில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். போன சனிக்கிழமை, வரைவில் இருந்தபடி ‘காற்றுப் பொழிவு’ என்று கரும்பலகையில் எழுதி, இது எப்படி இருக்கும் என்று படம் வரையச் சொன்னேன். எட்டுப் பிள்ளைகளில் ஆறு பேர் காற்றும் மழையும் வரைந்தார்கள். பத்து வயதுப் பெண் ஒருத்தி, சாய்ந்த மரம், பின்பக்கமாகத் திரும்பிப்போன குடை, பறக்கிற பாவாடை என்று அவ்வளவு அக்கறையோடு வரைந்திருந்தாள். அவள் மேல் தப்பே இல்லை. சொல் சொன்னதை அவள் வரைந்தாள்.

‘பொழிவு’ என்பதிலேயே எனக்கு இன்னொரு தயக்கம் உண்டு. எரிகற்பொழிவு என்று ஏற்கெனவே எழுதுகிறோம். அங்கே வருவன தனித்தனிக் கற்கள், தொடக்கத்திலிருந்தே பல. இங்கே வருவது ஒன்று, வழியில் பலவாகிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் பிள்ளை இரண்டையும் ஒன்றாகத்தான் புரிந்துகொள்ளும்.

> பிரெஞ்சில் இதை ‘ஜெர்ப்’ என்பார்கள், அறுத்துக் கட்டிய கதிர்க்கட்டு. நமக்கும் கதிர் என்றால் இரண்டு பொருள் இருக்கிறதே!

ரீயூனியன் தம்பி, இதைப் படித்ததும் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். 1938-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பியேர் ஓழே, துகள் உணரும் கருவிகளைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார். ஆல்ப்ஸ் மலையில் 300 மீட்டர் இடைவெளியில் வைத்தபோதும் இரண்டும் ஒரே நேரத்தில் ஒலித்தன. இரண்டையும் ஒலிக்கச் செய்தது ஒரே கூட்டம் என்று அவர் புரிந்துகொண்டார். அந்தக் கூட்டத்தைப் பார்த்து அவருக்குக் கதிர்க்கட்டு நினைவுக்கு வந்திருக்கிறது, இங்கிலீஷ்காரருக்கு மழை. நம் மொழியிலோ சூரியனிலிருந்து வருவதும் கதிர், நெல்லில் விளைவதும் கதிர். இந்தச் சொல்லை விட்டுவிட எனக்கு மனமே வரவில்லை. ஆனால் விடத்தான் வேண்டும். ‘கதிர்க்கட்டு’ என்று எழுதினால் இயற்பியல் படித்தவருக்குக் கதிர்க்கற்றைதான் நினைவில் வரும், டார்ச் விளக்கு ஒளி போல நேராகப் போவது. கட்டு என்பது சேர்த்துக் கட்டுவதும்கூட. இங்கே நடப்பது சிதறுவது.

சரி, அப்புறம் என்னதான் சொல் என்று கேட்பீர்கள். ‘துகள்மாரி’ என்று நான் முன்வைக்கிறேன்.

தண்ணீர் அல்லாதது அடர்ந்து விழுந்தால் தமிழில் நாம் மாரி என்றுதான் சொல்லி வந்திருக்கிறோம். பூமாரி பொழிந்தார்கள் என்கிறோம். கல் விழுந்தால் கல்மாரி, அம்பு விழுந்தால் அம்புமாரி. துகள் விழுந்தால் துகள்மாரி என்பது அந்த வரிசையில் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதிலும் அந்த அம்புமாரியை ஒரு நிமிடம் பாருங்கள். தெருக்கூத்திலும் சரி, டிவியில் வரும் புராணத் தொடரிலும் சரி, வில்லிலிருந்து கிளம்புவது ஓர் அம்பு. நடுவானில் அது பத்தாகி, நூறாகி, எதிரி தலையில் மழையாக இறங்கும். ஒற்றைத் துகள் வளிமண்டலத்தில் செய்வதும் அச்சாக இதுவே! வகுப்பில் இதைச் சொன்னதும் மறுபடி படம் வரைந்தார்கள். இந்த முறை ஒருவரும் குடை வரையவில்லை. மேலே ஒரு புள்ளி, கீழே போகப் போக விரியும் கோடுகள். எட்டுத் தாளிலும் அதே படம்.

> மாரி பழைய சொல். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு எப்படிப் புரியும்?

அக்கா, வேறெந்த நாட்டிலும் இது நியாயமான கேள்வி. இந்த நாட்டில் மழை என்ற சொல்லை மறந்தவர்கள்கூட மாரியை மறக்கவில்லை. 1860 முதல் கப்பலேறி நேட்டாலுக்கு வந்தவர்கள் மாரியம்மனையும் கூடவே கொண்டு வந்தார்கள். ஈஸ்டர் நாட்களில் டர்பன் பக்கத்து இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் கூடும் கூட்டத்தில் தமிழ் பேசத் தெரியாதவர்களே அதிகம், ஆனால் மாரி யார் என்று எல்லாருக்கும் தெரியும். ‘மாரி’ என்று எழுதியதும் பின்வரிசைப் பையன் “அம்மனா?” என்று கேட்டான். மாரி என்றால் மழை என்று சொன்னேன். பாட்டி கும்பிடுகிற சாமியின் பெயருக்கு அர்த்தம் இருக்கிறது என்பதே அவனுக்குப் புதுசு. அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அறிவியல் சொல்லில் சாமி பெயர் வரலாமா என்று ஐயா கேட்டிருந்தார். வருவது சாமி பெயர் அல்ல, சாமிக்குப் பெயரான மழை.

ஒரு சொல் நல்ல சொல்லா என்று பார்க்க, அதை வைத்து வாக்கியம் எழுதிப் பார்ப்பதுதான் வழி. பலகைக் கட்டங்களை இந்தச் சொல்லை வைத்து ஓட்டிப் பார்த்தேன். வாட்சன் பிறந்த அதே 1938-இல் ஓழே துகள்மாரியைக் கண்டறிந்தார். 1962-இல் ஜான் லின்ஸ்லி நியூ மெக்சிகோவில் 10-இன் 20-ஆம் அடுக்கு எலக்ட்ரான்வோல்ட்டை எட்டிய முதல் மாரியைப் பதிவு செய்தார். வாட்சன் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி, ஹாவரா பார்க் என்ற இடத்தில் 1967 முதல் 1987 வரை, 12 சதுர கிலோமீட்டரில், துகள் பாய்ந்தால் மெல்லிய ஒளி எழும் தண்ணீர்த் தொட்டிகளை வைத்து மாரிக்காகக் காத்திருந்தார். இந்த உச்ச ஆற்றலில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு நூறு ஆண்டில் ஒரு மாரிதான் விழும். அப்படியென்றால் 12 சதுர கிலோமீட்டர் எப்படிப் போதும்? 1992-இல் அமெரிக்க இயற்பியலாளர் ஜேம்ஸ் குரோனினோடு சேர்ந்து வாட்சன் முன்வைத்த ஆய்வகத் திட்டம் இன்று அர்ஜென்டினாவின் மலார்குவேயில், 3,000 சதுர கிலோமீட்டரில், ஒன்றரைக் கிலோமீட்டருக்கு ஒன்றாக 1,660 தொட்டிகளோடு நிற்கிறது. ஒவ்வொன்றிலும் 12,000 லிட்டர் தூய நீர். மாரி அருகருகே உள்ள தொட்டிகளை நனைக்கும் நேரம் மைக்ரோநொடிக் கணக்கில் வேறுபடும். அந்த வேறுபாட்டை வைத்து அது எந்தத் திசையிலிருந்து சாய்வாக வந்தது என்று கண்டுபிடிக்கிறார்கள். தகரக் கூரை வீடுகள் வரிசையாக இருக்கும் தெருவில், எந்தக் கூரை முதலில் சடசடத்தது என்று கேட்டே மழை வரும் பக்கத்தைச் சொல்லிவிடுவதைப் போல.

1995-இல் இந்த ஆய்வகத்துக்கு இடம் தேர்ந்தபோது இறுதிப் போட்டியில் இருந்தவை அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா, அப்புறம் நம் தென்னாப்பிரிக்கா. இதைப் பலகையில் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்பது என் ஆசை.

ஆற்றலுக்கு உவமை கேட்டிருந்தீர்கள். 1991 அக்டோபர் 15 அன்று யூட்டாவில் பதிவான துகளின் ஆற்றல் ஏறத்தாழ 51 ஜூல். டர்பன் கிங்ஸ்மீட் மைதானத்தில் ஒரு கிரிக்கெட் சுழற்பந்து வீச்சாளர் மணிக்கு 90 கிலோமீட்டரில் வீசும் பந்தின் ஆற்றல் அது. அவ்வளவும் ஓர் அணுக்கருவைவிடப் பெரிதல்லாத ஒரு துகளுக்குள். பிள்ளைகளுக்கு இது போதும்.

நான் குடியிருக்கும் பாக்ஸ்பர்க் பற்றியும் ஒரு கட்டம் சேர்க்க அனுமதி வேண்டும். மாரியின் மிச்சமாக மியுவான் என்ற துகள்கள் எந்நேரமும் நம் மேல் இறங்கிக்கொண்டே இருக்கின்றன, உள்ளங்கையை நீட்டினால் நொடிக்கு ஒன்று. இந்த மாரி நனைக்காத இடம் தேடி, இங்குள்ள ஈஸ்ட் ராண்ட் தங்கச் சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை இறக்கினார்கள் அமெரிக்க இயற்பியலாளர் ரைன்ஸும் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் செல்ஷாப்பும். 1965 பிப்ரவரியில், எதையும் ஊடுருவிப் போகும் நியூட்ரினோ என்ற துகளை, இயற்கையில் பிறந்ததை, முதன்முதலில் அங்கே பிடித்தார்கள். அதே ஆண்டு கோலார்த் தங்கவயலிலும் பிடித்தார்கள், நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கி உழைத்த சுரங்கத்தில். ‘மாரி எட்டாத ஆழம்’ என்று அந்தக் கட்டத்துக்குத் தலைப்பு எழுதி வைத்திருக்கிறேன்.

கடைசியாகப் புணர்ச்சி. ‘துகண்மாரி’ என்றுதான் வர வேண்டும் என்று ஐயா சொல்வார் என்று தெரியும். கன்மாரி என்று பழம்பாடல்களில் இருக்கிறது. ஆனால் இன்று கல்மாரி என்கிறோம், பிள்ளைக்கும் ‘துகள்’ கண்ணில் பட வேண்டும். ஆகவே துகள்மாரி. ஆங்கிலத்தில் முன்னால் வரும் ‘பரந்த’ (extensive) என்ற அடைமொழியைச் சொல்லோடு ஒட்ட வேண்டாம். ‘பெருந்துகள்மாரி’ என்றால் துகள் பெரியது என்று ஆகிவிடும்.

மறுப்பு இருந்தால் வியாழனுக்குள் எழுதுங்கள். மாரியில் துகள்கள் மிக அதிகமாகும் உயரத்துக்கு ‘மாரி உச்சம்’ என்று போட்டிருக்கிறேன். தம்பி, அதற்குப் பிரெஞ்சில் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள், இன்னொரு கதிர்க்கட்டு கிடைத்தாலும் கிடைக்கும்.

அன்புடன்,
பாக்ஸ்பர்க்கிலிருந்து