சாம்புவும் பியோம்கேஷும் ஒரே அர்ச்சனையில்

லயத்துப்பிள்ளை:
மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் கதைப் புத்தகம் வேண்டுமென்றால் கிராணி (தோட்டத்துக் கணக்கர்) வீட்டுக்குத்தான் போகணும். தேவன் எழுதிய துப்பறியும் சாம்புவை அங்கிருந்துதான் அப்பா இரவல் வாங்கி வந்தார். பால் வெட்டிவிட்டு வந்த கையோடு புரட்டுவார். பக்க ஓரங்களில் ரப்பர் பால் பழுப்பாகக் காய்ந்திருக்கும். நகத்தால் சுரண்டினால் நூல் மாதிரி இழுத்துக்கொண்டு வரும், கூடவே இரண்டு எழுத்தும் வந்துவிடும். அப்போதெல்லாம் சாம்பு என்பது வெறும் செல்லப்பேர் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வருடம் மகன் வங்காளத் துப்பறியும் கதைகளை ஆங்கிலத்தில் வாங்கி வந்தான். சரதிந்து பந்தோபாத்யாய 1932இல் எழுதத் தொடங்கிய பியோம்கேஷ் பக்ஷி கதைகள். “இது என்னப்பா பேரு?” என்று கேட்டான். எனக்கும் தெரியவில்லை.

அப்புறம் ஒரு பிரதோஷத்தன்று ஊர்க் கோயிலில் நின்றிருந்தேன். குருக்கள் சிவனுடைய 108 நாமம் சொல்லிக்கொண்டு வில்வம் போட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவதாகவே “சம்பவே நம:” வந்தது. கொஞ்ச நேரம் கழித்து “வ்யோமகேசாய நம:”. எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. தீபாராதனை முடிந்ததும் அவரிடமே கேட்டேன்.

“வ்யோமம்னா ஆகாயம், கேசம் தலைமுடி. ஆகாயத்தையே சடையா வெச்சிருக்கிறவர்” என்றார். வங்காளிகள் வாயில் ‘வ்யோ’ ‘ப்யோ’ ஆகிவிடும். “அப்போ சாம்பு, சாமி?” என்றேன். “சம்புதான். நன்மை அவர்கிட்டேயிருந்து உண்டாகுது.”

வீட்டுக்கு வந்து சாம்புவை மறுபடி படித்தேன். அவர் அசட்டுத்தனமாக எதையோ செய்யப்போவார், திருடன் தானாக மாட்டிக்கொள்வான். யாருக்காவது நல்லது நடந்துவிடும், எப்படி என்று அவருக்கே தெரியாது. இந்த ஆளுக்கு இதைவிடப் பொருத்தமான பேர் கிடையாது என்பது என் எண்ணம். தேவன் இதை நினைத்துத்தான் வைத்தாரா என்பது வேறு விஷயம், பேர் வேலை செய்கிறது.

மலைக்காற்று:
அண்ணே, நீங்கள் நின்றிருந்த நேரமே ஒரு துப்பறிவாளர் பேர்தான்! சத்யஜித் ராயின் ஃபெலுடா 1965இல் வந்தவர். முழுப்பேர் பிரதோஷ் சந்திர மித்தர். ஃபெலு வீட்டில் கூப்பிடுகிற பேர், ‘டா’ என்றால் அண்ணன். கதை சொல்கிற தம்பி முறைப் பையன் கூப்பிடுவதால் நம் கணக்கில் அவர் ‘ஃபெலு அண்ணன்’. இது தெரியாமல் பல வருடம் நான் ‘வாடா போடா’வில் வருகிற டா என்றே படித்தேன்.

ஆசிரியை:
ஏழாண்டுக்கு முன் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அகதா கிறிஸ்டியின் துப்பறிவாளர் எர்க்யூல் புவாரோ கதை ஒன்று சொன்னேன். எர்க்யூல் என்பது ஹெர்குலிஸின் பிரெஞ்சு வடிவம் என்றதும் ஒரு பையன் கரும்பலகையில் பீமன் மாதிரி ஆளை வரைந்துவிட்டான். அவர் உயரம் 5 அடி 4 அங்குலம்தான் என்றேன். அழித்துவிட்டு, மீசையை மட்டும் பெரிதாக விட்டான். புவாரோ என்று சொன்னால் பிரெஞ்சுக்காரர் காதில் வெங்காய இனத்துக் காய்கறியான லீக்ஸின் பேர் மாதிரியே விழும். பலசாலிப் பேரும் காய்கறிப் பேரும் சேர்ந்த ஒரு குட்டி மனிதர், அதனாலேயே எனக்குப் பிடிக்கும்.

லயத்துப்பிள்ளை:
டீச்சர், அந்தப் படத்தை யாரும் படம் பிடித்து வைக்கவில்லையா? தங்கச்சி, பிரதோஷ் விஷயத்தை மகனிடம் சொல்லிவிட்டேன். அடுத்தது ஃபெலுடாதான் வேண்டுமாம்.