பீட்டா திருப்பம் எல்லாமே நாலாம் வகை என்று வருகிறது, அவசரம்

குடந்தைக்காரி:
வணக்கம். முதுகலை புராஜெக்ட். புரதச் சங்கிலி நான்கு அமினோ அமிலங்களுக்குள் மடங்கித் திரும்பும் இடங்களை, அதாவது பீட்டா திருப்பங்களை, கோணத்தை வைத்து வகை பிரிக்க ஸ்கிரிப்ட் எழுதினேன். எதைக் கொடுத்தாலும் நாலாம் வகை என்றே விழுகிறது. ஒன்றாம் வகை, இரண்டாம் வகை பேருக்குக்கூட ஒன்று இல்லை. கோண அட்டவணையைப் பத்துத் தடவை சரிபார்த்துவிட்டேன். திங்கட்கிழமை கைடிடம் காட்ட வேண்டும். மத்தியானம் கரண்ட் போய்விடும், அதற்குள் யாராவது சொல்லுங்கள்.

வெண்ணாறு:
எந்தப் புரதம்? எந்த மென்பொருள்? தூரத்தை வைத்துப் பிடிக்கிறீர்களா, ஹைட்ரஜன் பிணைப்பை வைத்தா?

பழையபடிகம்:
ரெசல்யூஷன்தான், அதாவது கட்டமைப்பு எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பது, வேறொன்றும் இல்லை. 3 ஆங்ஸ்ட்ராம் என்ற மங்கலான கட்டமைப்பை எடுத்து வைத்துக்கொண்டு சை போன்ற முறுக்குக் கோணம் பார்ப்பது, கலங்கிய வாய்க்காலில் கெண்டை எண்ணுகிற கதை. ரெசல்யூஷன் எவ்வளவு தம்பி?

மதகடி:
எனக்கென்னவோ நடுவில் அமினோ அமிலம் விட்டுப்போயிருக்கும் என்று படுகிறது. 41க்கு அடுத்து 46 இருக்கும், ஸ்கிரிப்ட் இரண்டையும் அடுத்தடுத்த வீடு என்று எடுத்துக்கொள்ளும். நான் இதில் இரண்டு மாதம் தொலைத்திருக்கிறேன்.

மூத்தபெப்டைடு:
வரையறையைப் படிக்காமலே ஸ்கிரிப்டில் குதித்தால் இப்படித்தான். வெங்கடாசலம் 1968இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு எழுதிய கட்டுரையை ஒருமுறையாவது புரட்டியிருந்தால், நாலாம் வகை என்பது எதிலும் சேராததைப் போடும் கூடை என்று தெரிந்திருக்கும். நம் ஊரில் பிறந்த விஷயம், நம் பிள்ளைகளுக்கே தெரியவில்லை.

வெண்ணாறு:
ஐயா, அந்தக் கட்டுரையில் நாலாம் வகையே கிடையாது. மூன்று வகையும் அவற்றின் கண்ணாடி பிம்பங்களும்தான். நாலாவது 1973இல் லூயிஸ், மோமனி, ஷெராகா மூவரும் சேர்த்தது.

மூத்தபெப்டைடு:
நான் பொதுவாகச் சொன்னேன்.

குடந்தைக்காரி:
தம்பி இல்லை, தங்கை. பயோபைத்தான் என்ற நிரல் தொகுப்பு. முதல் அமினோ அமிலத்தின் நடுக் கார்பனான சி-ஆல்ஃபாவுக்கும் நாலாவதன் சி-ஆல்ஃபாவுக்கும் 7 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் எடுக்கிறேன். அப்புறம் நடு இரண்டு அமினோ அமிலங்களின் முறுக்குக் கோணங்களான ஃபை, சை அட்டவணையோடு 30 டிகிரிக்குள் பொருந்துகிறதா என்று பார்க்கிறேன், ஒன்று மட்டும் 45 வரை போகலாம்.

வெண்ணாறு:
முறை சரி. ஏதாவது ஒரு திருப்பத்தின் நான்கு எண்களையும் அப்படியே இங்கே ஒட்டுங்கள். கூடவே யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தை, கட்டமைப்பு வங்கியில் அதன் எண் 1யூபிக்யூ, போட்டுப் பாருங்கள். அதில் 7 முதல் 10 வரையுள்ள அமினோ அமிலங்கள் ஒன்றாம் வகையாக வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் குற்றம் புரதத்தில் இல்லை.

மதகடி:
இடையில் ஒரு கேள்வி. திருப்பம், வளைவு இரண்டையும் ஏன் எல்லோரும் ஒன்றாகவே எழுதுகிறீர்கள்? எங்கள் பக்கம் வாய்க்கால் மடங்கினால் முடக்கு என்போம். அதையே வைத்துக்கொள்ளலாமே.

மூத்தபெப்டைடு:
முடக்கு என்றால் வாதம் என்றல்லவா படிப்பார்கள்! வளைவே போதும்.

பழையபடிகம்:
போதாது. சங்கிலியின் வடிவத்தை எழுத்துகளால் குறிக்கும் டிஎஸ்எஸ்பி நிரலில் ஹைட்ரஜன் பிணைப்பு உள்ளது ஒரு எழுத்து, பிணைப்பு இல்லாமல் சங்கிலியின் முதுகெலும்பு 70 டிகிரிக்கு மேல் திரும்பினால் வேறு எழுத்து. முதலாவது திருப்பம், இரண்டாவது வளைவு. இரண்டையும் குழப்பினால் கணக்கே மாறும்.

மதகடி:
அப்போது சங்கிலி திரும்பித் தன் பக்கத்திலேயே எதிர்த்திசையில் ஓடும் பீட்டா ஹேர்பின்னுக்கு என்ன சொல்வீர்கள்? கொண்டை ஊசி வளைவா? டெல்டாவில் பிறந்தவனுக்கு அதைக் காட்ட கொல்லிமலைக்குத்தான் கூட்டிப்போக வேண்டும்.

குடந்தைக்காரி:
ஒரு திருப்பம்: மைனஸ் 1.1, மைனஸ் 0.5, மைனஸ் 1.6, 0.1. யுபிக்விட்டினும் நாலாம் வகைதான் :(

வெண்ணாறு:
தங்கச்சி, இது ரேடியன். பயோபைத்தான் ஃபை, சை பட்டியலை ரேடியனில்தான் தரும், உங்கள் அட்டவணை டிகிரியில் இருக்கிறது. மாற்றினால் மைனஸ் 63, மைனஸ் 29, மைனஸ் 92, 6. ஒன்றாம் வகைக்கு வேண்டியது மைனஸ் 60, மைனஸ் 30, மைனஸ் 90, 0. அச்சு அசல்.

மூத்தபெப்டைடு:
நான் அதைத்தான் சொல்ல வந்தேன்.

குடந்தைக்காரி:
ஐயோ. மாற்றிவிட்டேன். இப்போது பெரும்பாலும் ஒன்றாம் வகை!! நூற்றுக்கணக்கில்!

வெண்ணாறு:
சங்கிலி ஸ்பிரிங் போலச் சுற்றும் ஆல்ஃபா சுருளை நீக்கவில்லை, அதுதான். சுருளில் முதலுக்கும் நாலாவதுக்கும் சுமார் 5 ஆங்ஸ்ட்ராம்தான், ஆகவே உங்கள் 7க்குள் மொத்தமாக நுழைந்துவிடும். அங்கே ஃபை, சை சுமார் மைனஸ் 60, மைனஸ் 45. அந்த 45 டிகிரிச் சலுகையில் ஒன்றாம் வகையிலும் தொற்றிக்கொள்ளும். முதலில் டிஎஸ்எஸ்பி ஓட்டி, நடு இரண்டும் சுருளில் இருப்பதைத் தள்ளிவிடுங்கள். அதற்குப் பிறகும் கணிசமானவை நாலாம் வகையில்தான் நிற்கும், பயப்பட வேண்டாம். இரண்டாம் வகையில் மூன்றாவது இடத்தில் கிளைசின் அடிக்கடி தட்டுப்பட்டால் ஸ்கிரிப்ட் ஒழுங்காக ஓடுகிறது என்று அர்த்தம். அங்கே ஃபை பிளஸ் 80, மற்ற அமினோ அமிலங்களுக்கு அது அவ்வளவாக ஒத்துவராது.

குடந்தைக்காரி:
7 முதல் 10 வந்துவிட்டது. நன்றி அண்ணா.

மதகடி:
மறுபடி சொல் பேச்சுதான்: சங்கிலியில் வரும் லூப்புக்குக் கண்ணி சரியா, வளையமா? வளையம் என்றால் இரண்டு முனையும் ஒட்டியிருக்க வேண்டும். ஒமேகா எழுத்து வடிவ லூப்பில் முனைகள் நெருங்கும், ஒட்டாது.

பழையபடிகம்:
அதெல்லாம் இருக்கட்டும். கடைசிவரை ரெசல்யூஷன் எவ்வளவு என்று சொல்லவே இல்லையே, தங்கச்சி?