மாண்டலின் அப்கிரேட் பண்ணவங்க அனுபவத்தைக் கொஞ்சம் கொட்டுங்க

பிகினர் மாண்டலின் வச்சுதான் வாசிச்சிட்டு இருக்கேன், இப்போ அடுத்த லெவலுக்குப் போலாம்னு ஆசை. ரொம்ப காஸ்ட்லியா வேணாம், நடு ரேஞ்ச் போதும். அந்த எஃப் ஸ்டைல்ல தோள்பட்டைல சுருள் வச்சு வருதே, அதைப் பாத்தா கண்ணு அங்கயே நிக்குது. வாங்கினவங்க, கடையில எடுத்துப் பாத்தவங்க நடந்ததை அப்படியே சொல்லுங்க.

~

சுருள் மோகம் யாருக்குத்தான் இல்ல ப்ரோ. நான் போன கடையில ஈஸ்ட்மேன் கம்பெனியோட எம்டி 305ம் 315ம் பக்கத்துப் பக்கத்துல தொங்கிட்டு இருந்துச்சு. ரெண்டும் ஒரே 300 சீரிஸ்தான், மேல்பலகை சாலிட் ஸ்ப்ரூஸ், பின்பக்கமும் சைடும் சாலிட் மேப்பிள், 305 ஏ ஷேப் (சுருள் இல்லாத கண்ணீர்த்துளி மாதிரி வடிவம்), 315 எஃப் ஷேப், அவ்ளோதான் பெரிய வித்தியாசம். நான் சுவத்தைப் பாத்துத் திரும்பி நின்னுக்கிட்டு, கடைப் பையனை ரெண்டுலயும் மாத்தி மாத்தி ஒரே பிட்டை வாசிக்கச் சொன்னேன், எது எதுன்னு சத்தியமா சொல்ல முடியல. சுருளைச் செதுக்குற கூலிதான் விலையில ஏறுது, சத்தத்துல இல்ல. அதே காசுக்கு ஏ ஷேப்ல ஒரு படி மேல போயிடலாம். 1922ல கிப்சன் கம்பெனியில லாயிட் லோர்ங்கற டிசைனர் இருந்தப்ப வந்த எஃப்-5 மாண்டலினைத்தான் இன்னிக்கு வரைக்கும் ஆளாளுக்குக் காப்பி அடிக்கிறாங்க, அந்த மவுசுக்கும் சேத்துத்தான் காசு குடுக்கிறோம்னு நான் நினைக்கிறேன், ஸ்ட்ராப் மாட்ட வசதிங்கறதைத் தவிர.

இன்னொண்ணு, "சாலிட் டாப்"னு ஸ்டிக்கர்ல இருக்கறதை மட்டும் நம்பாதீங்க, போன்ல டார்ச் போட்டு சவுண்ட் ஹோல் விளிம்பைப் பாருங்க. மேல தெரியுற மரத்தோட கோடு அந்த வெட்டு முனையில அப்படியே கீழ இறங்கினா அது ஒரே பலகை. நடுவுல அடுக்கு அடுக்கா வேற கலர் தெரிஞ்சா ப்ளைவுட். கடைக்காரங்க முன்னாடி இதைப் பண்ணினா கொஞ்சம் முறைப்பாங்க, பரவாயில்ல.

~

மேல சொன்னவர் பலகையைப் பத்தி சொல்லிட்டாரு, நான் செட்டப் பத்தி சொல்றேன். எனக்கு வயலின் பழக்கம் இருக்கு, ட்யூனிங் ரெண்டுக்கும் ஒண்ணுதான் (ஜி டி ஏ ஈ), அதனால ஈஸியா வந்துடும்னு நினைச்சு செகண்ட் ஹேண்ட்ல ஒரு நல்ல பிராண்ட் எடுத்தேன். முதல் ஃப்ரெட்ல விரல் வச்சா சுருதி ஏறி நிக்குது, ஓப்பனா விட்டா கரெக்டா இருக்கு. ரிப்பேர் பண்ற அண்ணன்கிட்ட கொண்டுபோனா அவரு வாசிச்சுக்கூட பாக்கல, நட்டை (கழுத்து முனையில கம்பிங்க உக்காருற பட்டை) பாத்தவுடனே பள்ளம் ஆழம் பத்தலன்னு சொல்லிட்டு குட்டி அரத்தை எடுத்து தேச்சாரு, பலகை மேல கம்பியைத் தாங்குற பிரிட்ஜோட ரெண்டு சக்கரத்தையும் திருகிக் கொஞ்சம் இறக்கினாரு, அப்புறம் பன்னண்டாவது ஃப்ரெட்ல ஹார்மானிக்கும் (அமுக்காம லேசா தொட்டு வர்ற நோட்டு) அமுக்கின நோட்டும் ஒண்ணா வர்ற வரைக்கும் பிரிட்ஜை நகத்திக்கிட்டே இருந்தாரு. வீட்டுக்கு வந்தது வேற வாத்தியம் மாதிரி இருந்துச்சு. பட்ஜெட்ல செட்டப்புக்குன்னு தனியா எடுத்து வச்சிட்டு மிச்சத்துக்கு மாண்டலின் பாருங்க, இது என்னோட கருத்து. பிரிட்ஜ் ஒட்டி இருக்காது, கம்பி அழுத்தத்துலதான் நிக்குது, அதனால எட்டு கம்பியையும் ஒரே நேரத்துல கழட்டாதீங்க, ஒண்ணு ஒண்ணா மாத்துங்க.

விரல் தடிச்சவங்க நட் அகலத்தையும் கேளுங்க. சாதாரணமா ஒண்ணே கால் இஞ்சுக்கும் கம்மியாதான் வரும், கேக்க ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்கும், ஆனா ஒரு மில்லிமீட்டர் ரெண்டு மில்லிமீட்டர் கூடினாலே கார்டு பிடிக்கறப்ப தெரியும்.

~

கர்நாடக சங்கீதம் வாசிக்கவா கேக்குறீங்க? அப்போ கொஞ்சம் யோசிங்க. அக்கூஸ்டிக்ல ஜோடி கம்பி, இழுத்து கமகம் குடுத்தா ரெண்டு கம்பியும் ஒரே அளவுக்கு ஏறாம லேசா பிசிறு தட்டும். ஜாருவுக்கு ஒண்ணும் பிரச்சனை இல்ல, வழுக்கிட்டுப் போலாம். மாண்டலின் ஸ்ரீனிவாஸ் கையில இருந்தது ஒத்தைக் கம்பிகள் போட்ட எலக்ட்ரிக், அதைக் கேட்டு வளந்துட்டு அக்கூஸ்டிக்கை வாங்கி "அந்த சத்தம் வரலையே"ன்னு உக்காந்திருக்கறவங்களைப் பாத்திருக்கேன்.

சினிமா பாட்டு, மெலடின்னா நடுவுல முட்டை வடிவ ஓட்டை இருக்கிற ஓவல் ஹோல் எடுத்துப் பாருங்க, சத்தம் ரவுண்டா வந்து கொஞ்ச நேரம் நிக்கும். எஃப் ஹோல் (எஃப் எழுத்து மாதிரி ரெண்டு ஓட்டை, எஃப் ஷேப் வேற இது வேற) டக்குனு வெட்டி வெளிய வரும், கூட்டமா வாசிக்கறப்ப அதுதான் கேக்கும்.

~

ஐயோ சூப்பர், ரொம்ப தேங்க்ஸ் எல்லாருக்கும். மெலடிதான் அதிகம் வாசிப்பேன், அதனால ஓவல் ஏ ஷேப் பாக்கப் போறேன். கம்பி என்ன சைஸ் போடலாம்? ஈரப்பதத்துல சாலிட் மரம் விரிசல் விடும்னு ஒருத்தர் பயமுறுத்திட்டாரு.

~

கம்பி டி'அடாரியோவோட ஜே74 செட் (11-40, கம்பி தடிமன் இஞ்சுல ஆயிரத்துல இத்தனை பங்குன்னு கணக்கு) மீடியம், நிறைய பேர் அதுதான் போடுறாங்க. ஆனா ஓவல் ஹோல்ல நான் லைட்தான் (10-38) போட்டிருக்கேன், விரலுக்கும் சுகம் பலகைக்கும் சுகம். பழைய மாண்டலினா இருந்தா கண்டிப்பா லைட்ல ஆரம்பிங்க. விரிசல் விடறது பெரும்பாலும் காத்து ரொம்ப காஞ்சு போறப்பதான் சகோ, ஈரம் கூடினா மரம் ஊதி ஆக்ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல கம்பி நிக்கிற உயரம்) ஏறும். கேஸுக்குள்ள ஈரப்பதம் காட்டுற ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர் போட்டு 45ல இருந்து 55 சதவீதத்துக்குள்ள வச்சுக்கோங்க, வாசிக்காதப்ப சுவத்துல மாட்டாம கேஸ்ல வைங்க. கார்ல மட்டும் விட்டுட்டுப் போயிடாதீங்க, வெயில்ல பசை விட்டுடும்.