டி. பி. ராஜலட்சுமிக்குச் சூட்டும் ‘முதல்’ பட்டங்களில் எவை சரி?

பொன்னிநாடன் (கேள்வி):
திருவையாற்றில் 1911இல் பிறந்த டி. பி. ராஜலட்சுமி பற்றி நூலகச் சுவரில் மாட்ட ஒரு பக்கக் குறிப்பு தயாரிக்கிறேன். முதல் தமிழ்ப் பேசும்பட நாயகி, இந்தியாவின் முதல் பெண் இயக்குநர், முதல் பின்னணிப் பாடகி என்று ஆளுக்கொரு பட்டம் எழுதி வைத்திருக்கிறார்கள். எதை நம்பிப் போடலாம்? நாடகத்தில் இருந்தவரைப் பம்பாய் வரை அழைத்துப் போய் நடிக்க வைத்ததற்குப் பேரும் புகழும் மட்டும்தான் காரணமா?

ரீல்பெட்டி:
முதல் பட்டத்தைத் தயங்காமல் போடுங்கள். ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் (பிற்பாடு முருகன் டாக்கீஸ்) வெளியானது. தயாரிப்பு பம்பாயில் இருந்த அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கம்பெனி, இயக்கம் எச். எம். ரெட்டி. ‘முழுத் தமிழ்ப் படம்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் பி. ஜி. வெங்கடேசன் தெலுங்கில் பதில் சொல்லுவார். ‘தமிழ் பேசிய முதல் படம்’ என்றால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

இரண்டாவது தப்பு. ஃபாத்மா பேகம் 1926லேயே பம்பாயில் ஒரு மௌனப் படத்தை இயக்கிவிட்டார். ராஜலட்சுமி தானே எழுதி, தயாரித்து, இயக்கி, நடித்த ‘மிஸ் கமலா’ வந்தது 1936இல். ‘தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர்’ என்று போடுங்கள். அதுவே பெரிய விஷயம்தான்.

ஒத்துநாயனம்:
மூன்றாவது பட்டம் அடியோடு பொருந்தாது. தமிழில் பின்னணி பாடும் முறை 1938இல் ‘நந்தகுமார்’ படத்தோடுதான் வந்தது. அதுவரை நடிப்பவரேதான் கேமரா முன் பாடியாக வேண்டும். உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது: அழைத்தது குரலுக்காக.

அதே இம்பீரியல் ஸ்டூடியோவில் எடுத்து 1931 மார்ச்சில் வெளியான, இந்தியாவின் முதல் பேசும்படமான ‘ஆலம் ஆரா’வைப் பாருங்கள். படமும் ஒலியும் ஒரே நெகட்டிவில் பதியும் டானார் கருவி. பக்கத்திலேயே ரயில் பாதை, ஆகவே நள்ளிரவுக்கு மேல் ஷூட்டிங். மைக்கை எங்காவது மறைத்து வைப்பார்கள். வாத்தியக்காரர்களும் கேமரா கண்ணில் படாமல் உட்கார்ந்துதான் வாசிக்க வேண்டும். ஒரே நெகட்டிவில் உள்ள சிக்கல், ஃபிலிமில் ஒரு சட்டத்துக்கு (ஃப்ரேமுக்கு) உரிய ஒலி அதன் பக்கத்திலேயே இருக்காது, சில சட்டங்கள் தள்ளியிருக்கும். படத்தை வெட்டினால் ஒலி வேறெங்கோ அறுபடும். பாட்டின் நடுவே ஒரு சங்கதி பிசகினால் ஒட்டுப்போட வழியில்லை, பல்லவியிலிருந்து திரும்ப எடுக்க வேண்டியதுதான்.

அப்படி நிறுத்தாமல் பாடிக்கொண்டே நடிக்கத் தெரிந்தவர்கள் நாடகக்காரர்கள்தான். ராஜலட்சுமிக்குச் சிறுவயதிலேயே கல்யாணம் ஆகி அது முறிந்தது, தகப்பனாரும் தவறிவிட்டார். பிழைப்புக்காகத் திருச்சியில் சாமண்ணா கம்பெனியில் சேர்ந்தார். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் அங்கே இருந்தார் என்றால் பயிற்சி எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். மைக் கிடையாது, கடைசி வரிசைக்கும் சொல் புரியப் பாட வேண்டும். வெவ்வேறு நடிகர்களை அன்றைக்கு மட்டும் கூட்டி நடத்தும் ஸ்பெஷல் நாடகம் என்றால் எதிரில் நிற்பவரோடு ஒத்திகை பார்த்திருக்கவே மாட்டார்கள். அவர் பாட்டில் கேட்டால் இவர் பாட்டிலேயே மடக்க வேண்டும். இதற்கெல்லாம் பழகியவருக்கு இம்பீரியல் ஸ்டூடியோ ஒன்றும் மிரட்டலாக இருந்திருக்காது.

காளிதாசன் கதைக்கு நடுவே தியாகராஜர் கீர்த்தனையும், கூடவே மதுரகவி பாஸ்கரதாஸ் காந்தியின் கைராட்டினத்தைப் பற்றி எழுதிய பாட்டும் ஏன் வந்தன என்று சிலர் சிரிப்பார்கள். மேடையில் கைதட்டல் வாங்கியதை அப்படியே கொண்டுபோனார்கள், அவ்வளவுதான்.

பொன்னிநாடன்:
நன்றி ஐயா. ‘காளிதாஸ்’ காட்சி ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டலாமா? ஆண்டுகள் புத்தகத்துக்குப் புத்தகம் மாறுவதை எப்படிச் சரிபார்ப்பது?

ரீல்பெட்டி:
பிரதியே கிடையாது. அன்றைய நைட்ரேட் ஃபிலிம் தானாகவே மட்கும், சட்டென்று தீப்பிடிக்கும். அதிலிருந்த வெள்ளிக்காகக் கரைக்கப்பட்ட படங்களும் ஏராளம். புனே திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியதே 1964இல், அதாவது ராஜலட்சுமி மறைந்த ஆண்டில். ஆகவே ‘காளிதாஸ் காட்சி’ என்று இணையத்தில் சுற்றும் வீடியோவிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். பழைய விளம்பரமோ அவருடைய புகைப்படமோ போதும்.

ஆண்டுக் குழப்பத்துக்கு ஒரு காரணம் சென்சார். அப்போது சென்னை, பம்பாய், கல்கத்தா என்று தனித்தனி போர்டு. கல்கத்தாவில் எடுத்த படம் அங்கே தணிக்கையான ஆண்டும் இங்கே திரைக்கு வந்த ஆண்டும் வேறாக இருக்கலாம். சென்னைத் தினசரி விளம்பரத் தேதியையே பிடித்துக்கொள்ளுங்கள். தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அந்தக் காலத்தில் படத்தோடு விற்ற பழைய பாட்டுப் புத்தகங்கள் உண்டு. நடிகர் பட்டியலுக்கும் கதைச் சுருக்கத்துக்கும் அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. ஆண்டு பல புத்தகங்களில் அச்சாகியிருக்காது, அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

இடம் மிச்சமிருந்தால் ‘வள்ளி திருமணம்’ (1933) பற்றி இரண்டு வரி சேருங்கள். கல்கத்தாவில் எடுத்தது, கோவைத் திரையரங்கு அதிபர் சாமிக்கண்ணு வின்சென்ட் பங்கோடு. அதில் வள்ளி இவர், நாரதர் டி. வி. சுந்தரம். இருவரும் நிஜத்திலும் கல்யாணம் செய்துகொண்டார்கள்.