ஜிம் ரீவ்ஸின் ஆரம்பப் பாடல்கள்: மறுபதிப்பு வாங்கலாமா?

சாட்ஸ்வர்த் பேரன்:
எங்கள் தாத்தா ஞாயிற்றுக்கிழமை கறி கொதிக்கும்போது அமெரிக்க கன்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸைத்தான் போடுவார், தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பனில் பாதி வீடுகளில் இதே கதைதான். அவருக்காக ஆரம்பகாலப் பதிவுகள் என்று ஒரு சிடி வாங்கினேன். ரெண்டு பாட்டுக் கேட்டுவிட்டு, "இது யாருடா, கத்துறான்?" என்று அணைத்துவிட்டார். ஏமாந்துவிட்டேனா?

பழைய ஊசி:
ஏமாறவில்லை தம்பி, அவரேதான். 1949இல் மேசிஸ் என்ற சின்ன இசைத்தட்டுக் கம்பெனிக்குப் பாடினார், அப்புறம் அபட் கம்பெனி, 1955இல்தான் ஆர்சிஏ என்ற பெரிய கம்பெனி. 1953இல் அமெரிக்க கன்ட்ரி பாட்டு வரிசையில் முதலிடம் பிடித்த 'மெக்சிகன் ஜோ' கேளுங்கள், குரல் மேலே நின்று துள்ளும், பிடிலும் ஸ்டீல் கிட்டாரும் முன்னால் வரும். தாத்தாவுக்குத் தெரிந்த அந்த வெல்வெட் குரல் 1957இல் 'ஃபோர் வால்ஸ்' பாடும்போது, மைக்கில் உதடு படுகிற அளவு நெருங்கி நின்று மெதுவாகப் பாடியதில் வந்தது.

மெரீனா வீதி:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன் அண்ணே. 1964இல் விமான விபத்தில் அவர் இறந்தபிறகு பழைய பதிவுகள் சிலவற்றின் மேல் புதிதாக வாத்தியம் சேர்த்து விற்றார்கள். அட்டையில் பதிவுத் தேதியும் வாசித்தவர் பெயரும் இல்லையென்றால் நான் தொடமாட்டேன்.

சாட்ஸ்வர்த் பேரன்:
சரி, தேதி இருக்கிறது. தாத்தாவுக்கு வேறு வாங்குகிறேன், இது எனக்கு.