தேர் திரும்பும் முனை: மாடல் செய்தவர்களின் அனுபவங்கள்

கட்டடக்கலை மாணவி

போன செமஸ்டரில் எங்கள் குழுவுக்குத் திருவாரூர் வந்தது. கோயில், கமலாலயக் குளம், தேரோடும் நான்கு வீதிகள் எல்லாவற்றையும் 1:200 அளவில், அதாவது ஊரில் இரண்டு மீட்டர் என்றால் மாடலில் ஒரு சென்டிமீட்டராகச் செய்ய வேண்டும். முதல் வாரம் முழுக்கக் கோபுரத்திலேயே போனது. வீதி என்பது எனக்குக் கட்டடங்களுக்கு நடுவே காலியாக விட்ட அட்டைப் பட்டை, அவ்வளவுதான்.

அப்புறம் குளம். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்பார்கள் (வேலி என்பது பழைய நில அளவு). அட்டையில் பள்ளம் தோண்ட முடியாது என்பது பிளேடைக் கையில் எடுத்த பிறகுதான் உறைத்தது. குளம் வேண்டுமென்றால் ஊரைத்தான் உயர்த்த வேண்டும். சன்போர்டு என்னும் நுரை அட்டையை மூன்று அடுக்காக ஒட்டி, படித்துறைக்காக ஒவ்வொரு அடுக்கையும் சற்று உள்ளே தள்ளி வெட்டினோம்.

ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி. எங்கள் அளவில் 14.6 சென்டிமீட்டர். மரத்தாலான அடிப்பகுதி 30 அடிதான், மேலே எல்லாம் மூங்கிலும் துணியும். நாங்களும் அடியைப் பால்சா மரத்திலும் மேலே ஈர்க்குச்சியிலும் துணியிலும் செய்தோம். மாடி வீடுகள் மூன்றரை சென்டிமீட்டர்தான். தேரைக் கீழ வீதியில் வைத்த நொடியில் அந்தக் காலிப் பட்டை நிறைந்துவிட்டது. ஆட்களுக்குப் பாசுமதி அரிசி. நிறுத்தி ஒட்டினால் ஏறக்குறைய ஆள் உயரம் வருகிறது.

நூலைக் கட்டி இழுத்தோம். நேராக ஓடியது, முனையில் நின்றுவிட்டது. அச்சு திரும்பாது, பக்கவாட்டில் இழுத்தால் தேர் சாய்கிறது. ஊரில் சக்கரங்களுக்கு அடியில் கிரீஸ் தடவிய இரும்புத் தகடுகளைப் போட்டு வழுக்கவிட்டுத்தான் திருப்புகிறார்கள். நாங்கள் பிளாஸ்டிக் ஷீட்டில் தேங்காய் எண்ணெய் தடவினோம். திரும்பியது! ஆனால் வடத்துக்குப் பதிலாகக் கட்டியிருந்த நூல் முனை வீட்டில் உரசியது. அளந்து பார்த்தால் அந்த வீட்டை 4 மில்லிமீட்டர் முன்னால் ஒட்டியிருக்கிறோம். ஊரில் அது 80 சென்டிமீட்டர், ஒரு கடை வாசலில் படி கட்டும் அளவு. திரும்பும் தேருக்கு மட்டும் இடம் இருந்தால் போதாது. வடம் பிடிப்பவர்கள் அதற்கு முன்பே அடுத்த வீதிக்குள் போயிருக்க வேண்டும், அவர்களுக்கும் சேர்த்துத்தான் அந்த முனை. வரைபடத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், இது தெரியவே இல்லை.

மதுரை ஆசிரியர்

அருமை! நான் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளைத் தீப்பெட்டியில் செய்தேன். உள்ளிருந்து ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று வரிசையாகத் தரையில் பரப்பினோம். தேரை உருட்டும்போது ஒரு பெண் கேட்டாள்: "சார், சித்திரைத் தேர் ஏன் மாசி வீதியில ஓடுது?" மாசியில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றியதாகச் சொல்கிறார்கள், வீதியின் பெயர் மட்டும் பழையபடியே நின்றுவிட்டது என்றேன். பாடமாக நடத்தியிருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது.

தெற்கு வீதிக்காரர்

நான் பிறந்து வளர்ந்தது திருவாரூரில்தான். தேரன்று எங்கள் வீட்டுத் திண்ணையில் எங்களுக்கே இடம் இருக்காது. முன்பின் தெரியாதவர்கள் குழந்தைகளோடு உட்கார்ந்திருப்பார்கள், பாட்டி ஒரு குடம் மோரை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். உங்கள் மாடலில் திண்ணை இருக்கிறதாம்மா?

கட்டடக்கலை மாணவி

இல்லை ஐயா. வீட்டு முகப்புகளைத் தட்டையாக ஒட்டிவிட்டோம், அரிசி எல்லாம் வீதியில்தான் நிற்கிறது. உங்கள் பதிவைப் படித்ததும் கணக்குப் போட்டேன்: இரண்டடித் திண்ணை எங்கள் அளவில் 3 மில்லிமீட்டர், சரியாக ஒரு சன்போர்டின் தடிமன். மாடல் இன்னும் ஸ்டுடியோவில்தான் இருக்கிறது. நேற்று ராத்திரி தெற்கு வீதியில் ஒரு பக்கத்தை ஒட்டி முடித்தேன். கொஞ்சம் அரிசியை எடுத்துத் திண்ணைக்கு மாற்ற வேண்டும். உட்கார்ந்திருப்பவர்கள் என்பதால் பாதியாக உடைத்துத்தான் ஒட்டணும்.